அவர் கேட்டது வேகத்தைப் பற்றியல்ல

“பிழை எப்போது தெரிய வேண்டும், தம்பி? கட்டும்போதா, ஓட்டும்போதா?” என்றுதான் என்னோடு வேலை பார்த்த அந்த மூத்தவர் கேட்டார். நான் வேகத்தைப் பற்றிப் பதில் சொன்னேன்.

இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி சர்வரின் 2.2 பதிப்பை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்யவிருந்தோம், அதாவது ஓடக்கூடிய கோப்பாகக் கட்டவிருந்தோம். அதற்குக் கூடுதல் வசதிகள் தரும் மாட்யூல்கள் அனைத்தையும் பைனரி என்கிற அந்த ஓடும் கோப்புக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. எல்லாம் தனித்தனி .எஸ்ஓ கோப்புகளாக இருக்கட்டும், வேண்டியதை உள்ளமைவுக் கோப்பில் லோட்மாட்யூல் வரி போட்டு, சர்வர் கிளம்பும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. முடிவெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

வேகத்துக்கு நான் தாவியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கட்சிக்காரர்கள் வழக்கமாகக் கிளப்புவது அதைத்தான். அப்பாச்சியின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது: மாட்யூல்களைத் தனியே ஏற்றினால் கிளம்பும்போது சுமார் 20 சதவீதம் தாமதம், சில இயங்குதளங்களில் ஓடும்போது சுமார் 5 சதவீதம். முதலாவது, ஒவ்வொரு மாட்யூலும் கேட்கும் பெயர்களைத் தேடி இணைக்க லோடர் எடுத்துக்கொள்ளும் நேரம். சர்வரை யார் நாள் முழுக்க நிறுத்தி நிறுத்திக் கிளப்பப் போகிறார்கள்? இரண்டு எண்களையும் அடித்து வீழ்த்திவிட்டு, இணையப் பக்கங்களை நிரல் வழியே உருவாக்கும் மொழியான பிஹெச்பி-யின் மாட்யூலைக் கையிலெடுத்தேன். அதை உள்ளே வைத்துக் கட்டினால், அதற்கு ஒரு திருத்தம் வரும்போதெல்லாம் சர்வரையே மறுபடி கட்ட வேண்டும். வெளியே வைத்தால் அந்த ஒரு கோப்பை மாற்றி, மறுதொடக்கம் செய்தால் முடிந்தது. இதற்கு அவரிடம் பதில் இல்லை. தலையசைத்தார். அது சம்மதமா, சலிப்பா என்று அன்று யோசிக்கவில்லை.

பின்னாளில் 2.4-க்கு மாறினோம். உள்நுழைவைச் சரிபார்க்க எங்களுக்கென்றே எழுதிய ஒரு மாட்யூல், 2.2 காலத்து ஏபிஎக்ஸ்எஸ் (மாட்யூல் கட்ட அப்பாச்சி தரும் கருவி) கொண்டு கட்டியது, பழைய கோப்பாகவே புதிய அடைவுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. இரவில் சர்வர் கிளம்ப மறுத்தது. மாட்யூலின் அமைப்பு சிதைந்திருக்கிறது, எதிர்பார்த்த முத்திரை 41503234, கண்டது 41503232 என்றது பிழைச்செய்தி. பார்க்க மிரட்டலாக இருந்தாலும் விஷயம் எளிது. பதினாறடிமான முறையில் எழுதிய அந்த எண்களை இரண்டிரண்டாகப் பிரித்து ஆஸ்கி குறியீட்டின்படி எழுத்தாக்கினால் முதலாவது ‘ஏபி24’, அடுத்தது ‘ஏபி22’. எந்தப் பதிப்புக்காகக் கட்டியது என்ற அடையாளத்தை ஒவ்வொரு மாட்யூலும் சுமந்துகொண்டிருக்கிறது. கோப்பைப் புதிதாகக் கம்பைல் செய்ய உட்கார்ந்தோம். 2.4-இல் அணுகல் அனுமதி தொடர்பான ஏபிஐ (மாட்யூல் சர்வரோடு பேசும் இடைமுகம்) மாறியிருந்ததால், நிரலையே அங்கங்கே திருத்த வேண்டியிருந்தது.

அவர் சொன்ன வழியில் போயிருந்தால் இதே பொருத்தமின்மை கம்பைலர் வாயிலிருந்து பட்டப்பகலில் வந்திருக்கும். அதைத்தான் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் என் முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பிடிவாதத்தால் அல்ல. உள்ளமைவைச் சோதிக்கும் ‘-டி’ கட்டளை லோட்மாட்யூல் வரிகளையும் செயல்படுத்தித்தான் பார்க்கும். மாற்றத்துக்கு முன்பு அதை ஓட்டியிருந்தால் இதே முத்திரைச் சண்டை அங்கேயே வெளிப்பட்டிருக்கும். மேலும், சர்வர் பொருந்தாத மாட்யூலை ஏற்றிக்கொண்டு கண்டபடி நடந்துகொள்ளவில்லை; ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. இதைவிட நாணயமான பிழை வேறென்ன இருக்கிறது?

அவர் இதற்கும் ஒன்று சொல்வார்: சோதனையை ஒருவர் மறக்கலாம், கம்பைலர் மறக்காது. சரிதான். ஆனால் கம்பைலரைக் கூப்பிடுவதும் ஒரு மனிதர்தானே? ஒரு வரித் திருத்தத்துக்கு முழு சர்வரையும் கட்ட வேண்டும் என்றால், பாதுகாப்புத் திருத்தங்களை ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவார்கள். அப்படித் தள்ளிப்போட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிழை எப்போது தெரியும்?

ஏற்றும் வேலையைச் செய்யும் மாட்_எஸ்ஓ-வை மட்டும் ஏற்ற முடியாது. அது பைனரிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார், “பார்த்தாயா, நம்பிக்கையானவனை வீட்டுக்குள்தான் வைக்கிறார்கள்” என்று.

இப்போது கட்டும் சர்வர்களில் எப்போதும் வேண்டிய சிலவற்றை ‘ஸ்டேட்டிக்’ என்று குறிப்பிட்டு உள்ளே வைக்கிறேன். பிஹெச்பி-யும் நாங்களே எழுதியவையும் வெளியே. அன்று இரவு தகராறு செய்த மாட்யூல் இந்தக் கணக்கிலும் வெளியேதான் நிற்கிறது.