மேற்கை எலும்புக்கு முன்பக்கம் எங்கே?

ஹியூமரஸுக்கு, அதாவது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கும் மேற்கை எலும்புக்கு, முன்பக்கப் பரப்பு என்று ஒன்று கிடையாது. முன்னால் இருப்பது ஒரு விளிம்புதான். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், யாராவது ஒருவர் எலும்பின் நடுவில் விரலை வைத்து, "ஆண்டீரியர் சர்ஃபேஸ், மேம்" என்கிறார். நான் பதில் சொல்லாமல் அவர் விரலையே பார்ப்பேன். விரல் மெதுவாக ஒரு பக்கம் நகரும். பெரும்பாலும் தப்பான பக்கம்.

தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் டியூட்டராக இருக்கிறேன். முதலாண்டு மாணவர்கள் சீனியர்களிடம் எலும்புத் தொகுப்பு (bone set) வாங்கிக்கொண்டு வருவார்கள். அதில் பாதி எலும்புகளில் நெயில் பாலிஷ் ஏற்கெனவே பூசியிருக்கும்: தசை தொடங்கும் இடம் சிவப்பு, போய்ச் சேரும் இடம் நீலம். படிக்க வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது வண்ணத்துக்கு அடியில் மறைந்துபோகிறது. பிள்ளைகள் வண்ணத்தை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். தேர்வில் கொடுக்கும் எலும்போ வெள்ளை வெளேரென்று இருக்கும்.

பரப்பின் பெயரைச் சொல்வதற்கு முன் எலும்பைச் சரியாகப் பிடிக்க வேண்டும். உருண்டையான தலை மேலே வர வேண்டும், அது உள்பக்கமாகவும் கொஞ்சம் பின்பக்கமாகவும் பார்க்க வேண்டும். மேல்முனையில் இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஓடும் பள்ளம் முன்னால் வர வேண்டும். கீழ்முனையில் இருக்கும் பெரிய குழி, அதாவது முழங்கையை நீட்டும்போது அல்னா என்ற முன்கை எலும்பின் முனை போய் உட்காரும் ஒலிக்ரனான் ஃபாஸா, பின்னால் வர வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் வலதா இடதா என்பது தானாகத் தெரிந்துவிடும். தலை பின்னால் திரும்பியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தலையை நேராக உள்பக்கம் பார்க்கவைத்தால் எலும்பு முழுவதும் திரும்பிவிடும், மூன்று பரப்புகளும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துவிடும்.

சரி, பிடித்தாயிற்று. நடுத்தண்டைப் பாருங்கள். முன்விளிம்பு ஒரு கூரை முகடு. அதிலிருந்து உள்பக்கம் இறங்கும் சரிவு ஆண்டீரோமீடியல் பரப்பு, வெளிப்பக்கம் இறங்கும் சரிவு ஆண்டீரோலேட்டரல் பரப்பு. பின்னால் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் நடுவில் இருப்பது போஸ்டீரியர் பரப்பு. மூன்று விளிம்பு, மூன்று பரப்பு, கணக்கு முடிந்தது. சிக்கல் என்னவென்றால் தண்டின் மேல்பாதி கிட்டத்தட்ட உருளையாக இருக்கும், கீழே போகப் போகத்தான் பட்டையாகும். உருளையில் ஏது விளிம்பு? அதனால் கீழிருந்து மேலே போகச் சொல்வேன். முழங்கைக்கு மேலே இரண்டு பக்கமும் கூர்மையான வரம்புகள் கைக்கு நன்றாகத் தட்டுப்படும். அவற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், விளிம்பு மங்கும் இடத்திலும் அது எந்தப் பக்கம் போகிறது என்று விரல் சொல்லிவிடும். புத்தகங்கள் மேலிருந்து கீழே எழுதுகின்றன. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது.

இன்னொரு தொந்தரவு மாணவரின் சொந்தக் கை. எலும்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் புஜத்தைத் தடவிப் பார்ப்பார்கள், புத்தகத்தோடு ஒத்துவராது. சும்மா கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மேற்கை கொஞ்சம் உட்பக்கம் திரும்பியிருக்கிறது. அப்போது ஆண்டீரோலேட்டரல் பரப்புதான் ஏறக்குறைய நேர்முன்னால் வந்து நிற்கும். உள்ளங்கையை மட்டும் முன்னால் திருப்பினால் போதாது, அது முன்கையில் நடக்கும் வேலை. முழங்கை மடிப்பு நேர்முன்னால் பார்க்கும்வரை தோளிலிருந்தே திருப்ப வேண்டும். பெயர்கள் எல்லாம் அந்த நிலைக்குத்தான் பொருந்தும்.

ஆண்டீரோமீடியல் பரப்பின் மேல்பகுதி குறுகியது. முன்னே சொன்ன பள்ளத்தின் தரைதான் அது. அங்கே வந்து சேருவது லாட்டிசிமஸ் டார்சை என்ற முதுகுத் தசை. பள்ளத்தின் வெளிக்கரையில் பெக்டொராலிஸ் மேஜர், உள்கரையில் டெரிஸ் மேஜர். 'இரண்டு மேஜர்களுக்கு நடுவில் ஒரு லேடி' என்ற பழைய சூத்திரம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வெளிக்கரை அப்படியே கீழே இறங்கி முன்விளிம்பாகிறது, உள்கரை இறங்கி உள்விளிம்பாகிறது என்று கேட்டால் முழிப்பார்கள். அது புரிந்துவிட்டால் மேல்பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இதே பரப்பில், தண்டின் பாதிக்குக் கொஞ்சம் கீழே, ரத்தக் குழாய் நுழையும் சிறு துளை இருக்கிறது. அது முழங்கைப் பக்கம் சாய்ந்து இறங்கும். சிறு வயதில் இந்த எலும்பு நீளுவது ஏறக்குறைய 80 சதவீதம் மேல்முனையில்தான். துளை அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கிறது.

ஆண்டீரோலேட்டரல் பரப்பில் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் சொரசொரப்பான மேடு. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் டெல்டாய்டு தசை குறுகிக்கொண்டே வந்து புஜத்தின் பாதியில் முடியும் அல்லவா, அங்கே அழுத்திப் பார்த்தால் அந்த இடம். அதற்குக் கீழே பிராக்கியாலிஸ். இந்தத் தசை முகட்டின் இரண்டு சரிவுகளிலும் ஒட்டியிருக்கிறது. அதன் உள்பாதிக்கு மஸ்குலோகுட்டேனியஸ் நரம்பு, வெளிப்பாதிக்கு ரேடியல் நரம்பு. அதனால்தான் எலும்பு முறிவுக்குப் பிளேட் வைக்க முன்பக்கமாக வரும் ஆர்த்தோகாரர்கள் அதை நீளவாக்கில் நடுவே பிளந்து உள்ளே போக முடிகிறது. இரண்டு பாதிக்கும் தனித்தனி நரம்பு, இரண்டும் பிழைத்துக்கொள்ளும்.

பின்பரப்புக்கு வந்தால் நான் அவசரப்பட மாட்டேன். மேலே உள்பக்கத்திலிருந்து கீழே வெளிப்பக்கம் நோக்கிச் சரிந்து இறங்கும் ஸ்பைரல் குரூவ் இங்கே இருக்கிறது. பள்ளத்துக்கு மேலே, முழங்கையை நீட்டும் தசையான ட்ரைசெப்ஸின் வெளித்தலை, கீழே உள்தலை, வழியில் ரேடியல் நரம்பும் ப்ரொஃபண்டா பிராக்கி தமனியும். நல்ல எலும்பிலேயே இந்தப் பள்ளம் மழுங்கலாகத்தான் இருக்கும். இப்போது விற்கும் பிளாஸ்டிக் எலும்புகளில் ஒன்றுமே தெரிவதில்லை, அந்தக் காசுக்கு இரண்டு படம் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். நரம்பு பள்ளத்துக்குள் எலும்பை ஒட்டிக்கொண்டே போவதாகப் பல மாணவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலான தூரம் நடுவில் தசை இழைகள் இருக்கின்றன. அது எலும்போடு நெருங்கி மாட்டிக்கொள்வது வெளிவிளிம்பைத் தாண்டும் இடத்தில். வெளி எபிகான்டைலுக்கு (முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேடு) ஏறக்குறைய 10 செ.மீ. மேலே, வெளிப்புறத் தசைத்தடுப்பைத் துளைத்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வருகிறது. அங்கே அதற்கு நகர இடமில்லை. கீழ் மூன்றில் ஒரு பங்கில் எலும்பு சுருளாக முறிந்தால் நரம்பு சிக்கிக்கொள்ளும் என்று ஹோல்ஸ்டீனும் லூயிஸும் 1963-ல் எழுதினார்கள். இன்றும் அந்த முறிவு அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.

வார்டில் பைக்கிலிருந்து விழுந்தவர் ஒருவரைக் காட்டினார்கள். மணிக்கட்டு தொங்கிவிட்டது, விரல்களை நீட்ட முடியவில்லை. முழங்கையை மட்டும் நன்றாக நீட்டினார். ட்ரைசெப்ஸுக்குப் போகும் கிளைகள் பெரும்பாலும் மேலேயே பிரிந்துவிடுவதால் அடி கீழே பட்டால் இப்படித்தான் ஆகும். கூட வந்த பிள்ளைகளில் ஒருத்தி, முறிவு எந்தப் பரப்பில், எந்த விளிம்புக்குப் பக்கத்தில் என்று எக்ஸ்ரே பார்க்காமலே சொன்னாள். அன்று முழுக்க எனக்கு நல்ல மூட்.

கால்நடை மருத்துவம் படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். இந்தப் புலம்பலைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு. நாலு காலில் நிற்கும் விலங்குக்கு முன், பின் என்று சொல்லாமல் கிரேனியல், காடல் என்று தலைப்பக்கம் வால்பக்கமாகப் பிரித்துவிடுகிறார்கள். அவள்தான் ஒரு முறை பூனையின் ஹியூமரஸைக் காட்டினாள். முழங்கைக்கு மேலே உள்பக்கம் ஒரு துளை, அதன் வழியாக மீடியன் நரம்பு போகிறது. நாய்க்கு அது இல்லை. மனிதர்களில் நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில், உள் எபிகான்டைலுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. மேலே, ஆண்டீரோமீடியல் பரப்பில் கீழ்நோக்கிய சின்னக் கொக்கி ஒன்று முளைத்திருக்கும். அதிலிருந்து எபிகான்டைலுக்கு ஒரு நார் போகும், ஸ்ட்ருதர்ஸ் லிகமெண்ட். அடியில் மீடியன் நரம்பு. சிலருக்கு அது அழுத்தி விரல்கள் மரத்துப்போகும். நேர்முன்னால் எடுத்த எக்ஸ்ரேயில் கொக்கி எலும்போடு எலும்பாக மறைந்துவிடலாம், கையைக் கொஞ்சம் திருப்பி எடுத்தால் தெரியும்.

எங்கள் துறை அலமாரியில் அப்படி ஒரு எலும்பு இருக்கிறது, இடது கை. ஸ்பாட்டரில், அதாவது பொருளை வைத்து அடையாளம் கேட்கும் தேர்வில், வைப்பதில்லை, முதலாண்டுக்கு அது அநியாயம். பார்க்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். ஆனால் முதலில் அதைச் சரியாகப் பிடித்துக் காட்ட வேண்டும்.