ஓய்வுக்குப் பிறகு எந்தப் பாலிசியை வைத்துக்கொள்வது?

தக்கலைக்கு அருகிலுள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து 2025 மே 31 அன்று ஓய்வு பெற்றேன். அப்போது என் பெயரில் நான்கு ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகள் இருந்தன. பணியில் இருந்தவரை அவற்றைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை எழவில்லை. இரண்டுக்குச் சம்பளத்திலேயே பிடித்தம் செய்தார்கள். மற்றவற்றுக்கான தொகையை வருமான வரிக்காக மார்ச் மாதத்தில் கணக்குக் காட்டினால் போதும் என்று இருந்தது. ஓய்வு பெற்றதும் பிடித்தம் நின்றது. புதிய வரி முறைக்கு மாறியதால், காப்பீட்டுத் தவணையைக் காட்டிப் பெறும் 80சி வரிச் சலுகையும் இல்லாமல் போனது. இனி ஒவ்வொரு தவணையையும் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துத்தான் கட்ட வேண்டும் என்ற நிலை வந்த பிறகே, எதற்காகக் கட்டுகிறோம் என்ற கேள்வி வந்தது.

நண்பர்களிடம் கேட்டபோது இரண்டு விதமான பதில்களே கிடைத்தன. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், இனி இன்ஷூரன்ஸ் எதற்கு, எல்லாவற்றையும் சரண்டர் செய்து, அதாவது இடையிலேயே முடித்துக்கொண்டு, கிடைக்கும் பணத்தை வாங்கிவிடுங்கள் என்பது ஒன்று. இத்தனை வருடம் கட்டியதை விடக்கூடாது என்பது மற்றொன்று. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டியது கட்டியாகிவிட்டது, இன்றிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், அதற்கு எவ்வளவு வரும், நான் இல்லாமற்போனால் யாருக்கு எவ்வளவு குறையும் என்பவற்றைப் பார்த்தால் போதும் என்று முடிவு செய்து, பாலிசிகளைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டேன்.

கடைசிக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன். என் கணவருக்குக் குலசேகரம் பக்கம் ஓர் ஏக்கர் ரப்பர் தோட்டம் இருக்கிறது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு; மழை பெய்யும் நாள்களில் பால்வெட்டு நடக்காது, இலை உதிரும் காலத்திலும் நிறுத்த வேண்டும். ஆகவே வீட்டில் மாதந்தோறும் தவறாமல் வருவது என் பணம்தான். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வந்த முகவர்கள் அனைவரும் அவரைப் பார்த்து, "அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுண்ணா டீச்சருக்கு இவ்வளவு வரும்" என்றுதான் பேசுவார்கள். அதை நினைவில் வைத்து அவரே ஒருநாள் கேட்டார்: "நான் போனா உனக்கு என்ன வரும்ணு எல்லாரும் சொல்லியாச்சு. நீ போனா எனக்கு என்ன வரும்ணு ஒருத்தனும் சொல்லலியே?"

அதற்கு விடை காண ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய். அதில் பாதியான 40,000 ஓய்வூதியம். மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்து, அதாவது முன்கூட்டியே மொத்தமாக, பெற்றுவிட்டதால் கைக்கு வருவது 26,667 ரூபாய். அகவிலைப்படி மட்டும் முழு 40,000-க்கும் உண்டு. அப்போது 55 சதவீதமாக இருந்த அகவிலைப்படியையும் சேர்த்தால் மாதம் 48,667 ரூபாய். குடும்ப ஓய்வூதியம் முதல் சில ஆண்டுகள் கூடுதல் விகிதத்தில் கிடைத்தாலும், நிரந்தரமாக நம்பக்கூடியது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமான 24,000 ரூபாய்தான். அகவிலைப்படியோடு அது 37,200 ஆகிறது. ஆக, நான் இல்லாவிட்டால் குறைவது மாதம் 11,500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. என் மருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் அதில் கழிந்துவிடும். தொகுத்துப் பெற்ற பணத்துக்காகக் குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்தம் எதுவும் செய்வதில்லை. என் கணவரின் அன்றாடச் செலவுக்குப் பெரிய காப்பீடு தேவையில்லை என்பது இதிலிருந்து தெளிவானது. அந்தத் தொகையில் அடங்காதது வீட்டுக் கடன் மட்டுமே. ஏறக்குறைய 7 லட்சம் பாக்கி, 2029 வரை தவணை. பணிக்கொடையைக் கொண்டு அதை அடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மகளின் திருமணம் அதற்கு முன்னால் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் திருமணச் செலவைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு பாலிசிகளுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அஞ்சல் ஆயுள் காப்பீட்டின் சுரக்ஷா என்ற முழு ஆயுள் பாலிசிக்கு 60 வயதோடு தவணை முடிந்துவிட்டது. எனக்கு 80 வயது நிறையும்போது எனக்கோ, அதற்குள் இறந்தால் நியமனதாரருக்கோ பணம் வரும். எல்.ஐ.சி.யின் ஜீவன் ஆனந்த் 2024-லேயே முதிர்ந்து, போனஸோடு பணமும் வந்துவிட்டது. ஆனால் அதோடு அந்தப் பாலிசி முடிந்துவிடவில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. அடிப்படைக் காப்புத் தொகை, என் விஷயத்தில் 2 லட்சம், தவணை எதுவும் கட்டாமலே ஆயுள் முழுவதும் தொடர்கிறது. இறந்த பிறகு குடும்பத்தார் கேட்டுப் பெற வேண்டும். பணம் வந்துவிட்டதே என்று பாலிசிப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு பைசாச் செலவில்லாமல் நிற்கும் இந்த இரண்டையும் சரண்டர் செய்யக் காரணம் எதுவும் தென்படவில்லை.

நேரத்தை எடுத்துக்கொண்டது 2008 ஜூனில் சம்பளச் சேமிப்புத் திட்டத்தின் கீழ் எடுத்த 5 லட்சம் ரூபாய் எண்டோமென்ட் பாலிசிதான்; காலம் முடிந்தாலும், அதற்குள் இறந்தாலும் பணம் தரும் வகை. இருபது ஆண்டுகளில் பதினேழு முடிந்திருந்தது. பிடித்தம் நின்றதால், ஆண்டுத் தவணைக்கு மாற்றக் கோரி நாகர்கோவில் கிளையில் எழுதிக் கொடுக்கச் சென்றேன். அப்போது வாங்கிய நிலவர அறிக்கையில், 2014-ல் சில மாதத் தவணைகள் வரவாகவில்லை என்று இருந்தது. அந்த மாதங்களின் சம்பளச் சீட்டில் பிடித்தம் தெளிவாக இருந்தது. நான் அந்த ஆண்டு மாறுதலாகிச் சென்ற பள்ளியில் பழைய சம்பளப் பட்டியலைத் தேடிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: பிடித்த விவரப் பட்டியலில் என் பாலிசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருந்தன. பணம் போயிருக்கிறது, என் கணக்கில் சேரவில்லை. சம்பளம் வழங்கும் அலுவலரிடம், கருவூலப் பட்டியல் எண்ணும் தேதியும் குறித்த சான்று வாங்கிக் கொடுத்த பிறகு அது சரியானது. கவனிக்காமல் விட்டிருந்தால், முதிர்வின்போது அதைப் பாக்கியாக வைத்து வட்டியோடு கழித்திருப்பார்கள். சம்பளப் பிடித்தத்தில் பாலிசி வைத்திருப்பவர்கள் ஓய்வு பெறும் முன்பே, பழைய பதிவேடுகளை எடுத்துத் தர ஆள் இருக்கும்போதே, இந்த அறிக்கையை வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

பிறகுதான் தொடர்வதா, நிறுத்துவதா என்ற கணக்கு. சரண்டர் செய்தால் 6.3 லட்சம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். தவணையை மட்டும் நிறுத்திப் பாலிசியைப் பெய்ட்-அப் ஆக்கினால், 5 லட்சத்தில் இருபதில் பதினேழு பங்கான 4.25 லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும் 2028-ல் வரும். புதிய போனஸ் சேராது. தொடர்ந்தால் ஆண்டுக்கு 27,500 வீதம் மூன்று தவணைகள். ஆண்டுக்கு ஏறக்குறைய 21,000 ரூபாய் போனஸ் சேர்ந்துவந்ததால், அதே வீதம் நீடித்தால் 2028 ஜூனில் சுமார் 9.2 லட்சம் வரும். சரண்டர் பணத்தையும் கட்டாமல் மிச்சமாகும் தவணைகளையும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் 8.2 சதவீத வட்டியில் போட்டு, வட்டியையும் ஆண்டுக்கு ஒருமுறை அதே வீதத்தில் மறுமுதலீடு செய்வதாக வைத்துப் பார்த்தாலும் 8.95 லட்சத்தைத் தாண்டவில்லை. அந்த வட்டி வருமானத்தில் சேரும், பாலிசி முதிர்வுக்கோ என் விஷயத்தில் வரி இல்லை. ஆகவே தொடர்ந்தேன். ஆனால் இந்த முடிவை எல்லோருக்கும் பொதுவாக்க முடியாது. முதிர்வுக்கு எட்டுப் பத்து ஆண்டுகள் இருந்திருந்தால் விடை மாறியிருக்கக்கூடும். அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்பதற்காகச் சரண்டர் செய்ய நினைப்பவர்கள், பாலிசிக் கடன் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளலாம்.

நான்காவது, 2013-ல் ஒரு தனியார் நிறுவனத்தில் எடுத்த 15 லட்சம் ரூபாய் டேர்ம் பாலிசி. 70 வயது வரை. அதற்குள் இறந்தால்தான் பணம்; இல்லையென்றால் இதில் திரும்ப வருவது எதுவும் இல்லை, நிறுத்தினால் அன்றோடு போயிற்று. இதைத்தான் முதலில் விட நினைத்தேன். ஆனால் வீட்டுக் கடனுக்கு எதிரே இருப்பது இது ஒன்றுதான். எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதால், இந்த வயதில் வேறொன்று எடுக்கப் போனால் இந்தத் தவணையில் கிடைக்காது. கடன் முடியும்வரை கட்டுவது, 2029-க்குப் பின் தவணை கட்டாமல் விட்டுவிடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டதால், அக்டோபர் தவணை 11,210-லிருந்து 9,500 ஆகக் குறைந்ததும் ஒரு சிறு உதவி.

இடையில் ஒரு முகவர், பணிக்கொடையில் மிஞ்சியதை ஒரே தவணையாகப் போட்டால் வாழ்நாள் முழுவதும் வருமானம் வரும் என்று ஒரு புதிய திட்டத்தோடு வந்தார். இம்முறை என்னிடமே பேசினார் என்பது முன்னேற்றம்தான். ஆனால் அவர் காட்டிய ஆண்டு வருமானம் 8.2 சதவீதத்தை எட்டவில்லை. காப்பீடு தேவைப்படும் இடத்தை ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருந்ததால் மறுப்பது எளிதாக இருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு நியமனங்களைச் சரிபார்த்தேன். அஞ்சல் பாலிசியில் இன்னும் காலஞ்சென்ற என் அம்மாவின் பெயரே இருந்தது. கணவர் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தேன். நான்கு பாலிசிகளின் எண், கிளை, எதற்கு எப்போது எவ்வளவு வரும், எதற்கு இனித் தவணை இல்லை என்பதை ஒரே தாளில் எழுதி ஓய்வூதியப் புத்தகத்தோடு வைத்து, அவரை உட்காரவைத்து ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். ஜீவன் ஆனந்த் வரியில் நிறுத்தி, "பணம் வந்த பொறவும் இது உண்டா?" என்று கேட்டார். அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்தேன்.