துரியோதனன் எத்தனை மணிக்கு வருவான்?

கடலூர் முதுநகரில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் போனை அவரிடம் கொடுத்தேன். "இதுல நம்ம கோயில் கூத்தைப் போட்டுப் பாருங்க பெரியப்பா."

சுற்றுவட்டாரத்தில் என்ன விசேஷம், எங்கே, எப்போது என்று காட்டும் செயலி ஒன்றைப் புதுச்சேரியில் நாங்கள் நாலு பேர் செய்துகொண்டிருக்கிறோம். திரைகளை வடிவமைப்பது என் வேலை. தினமும் முள்ளோடையைத் தாண்டி பஸ்ஸில் போய் வருகிறேன். எல்லாப் பண்பாட்டுக்காரர்களுக்கும் பொதுவான ஆப் என்று எங்கள் அறிமுகத் தாளின் முதல் வரியிலேயே எழுதி வைத்திருந்தோம். பட்டன்களை எல்லாம் தமிழாக்கிவிட்டேன் என்பதால் அந்த வரியை நானும் நம்பியிருந்தேன்.

பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"தொடங்கும் நேரம்னு கேக்குதும்மா. என்ன போடட்டும்?"

"கூத்து எப்ப ஆரம்பிக்குமோ அதைப் போடுங்க."

"ஆரம்பிக்கிறதுன்னா எது? மத்தளம் அடிக்கிறதா, கட்டியங்காரன் வர்றதா, துரியோதனன் வர்றதா? துரியோதனன் வர்ற நேரத்துக்குத்தான் பாதி ஊரே வரும். அது ஒரு மணியும் ஆகும், ரெண்டும் ஆகும்."

சரி, ராத்திரி 10 என்று போடச் சொன்னேன். முடியும் நேரத்துக்கு அவராகவே காலை 6 போட்டார். உடனே சிவப்பு எழுத்தில் வந்தது: முடியும் நேரம் தொடங்கும் நேரத்துக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.

"ஏம்மா, உங்க ஆப்ல ராத்திரி விடியாதா?"

அடுத்த பெட்டி, நடத்துபவர் பெயரும் மின்னஞ்சலும். 'ஊர் பொதுமக்கள்' என்று அடித்தார். பொதுமக்களுக்கு ஏது மின்னஞ்சல்? அதற்கடுத்தது கட்டணம், கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டி. அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நாம என்ன காசு வாங்கிக்கிட்டா கூத்து விடுறோம்?" கதவு எண்ணும் தெருப் பெயரும் கேட்டபோது போனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். திரௌபதி அம்மன் கோயில் திடலுக்கு என்ன கதவு எண் போடுவது?

அன்று இரவு அந்தப் படிவத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அரங்கம், டிக்கெட், இரண்டு மணி நேரம், நடத்த ஒரு நிறுவனம். பாட்டுக் கச்சேரிக்கும் யோகா வகுப்புக்கும் கனகச்சிதமாகப் பொருந்துகிற படிவம் அது. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் நடக்கும் பிரெஞ்சு தேசிய தின விழாவையும் ஜூன் 21 இசைத் திருவிழாவையும் எந்தத் தகராறும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனில் உள்ளதெல்லாம் எங்கள் வரைபடத்தில் மின்னியது. வாய்க்காலுக்கு மேற்கே ஊரே இல்லை. தமிழில் எழுதியிருந்த ஒயிட் டவுன் ஆப், அவ்வளவுதான்.

முதலில் தேதியிலிருந்து தொடங்கினேன். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி ஐந்தாம் வெள்ளி. 'ஐந்தாம் வெள்ளி' என்று கணினிக்குச் சொல்லலாம். ஆனால் அது ஆகஸ்டைத்தான் எண்ணும், ஆடியை எண்ணாது. மாசி மகத்துக்கு மாதத்தோடு நட்சத்திரமும் சேர வேண்டும். ரம்ஜானுக்குப் பிறை தெரிய வேண்டும். எங்கள் நிரலாளர் தம்பி நல்ல பையன். "அக்கா, தேதி தெரியாத நிகழ்ச்சியை எப்படிக்கா வரிசைப்படுத்துறது?" என்று நிஜமாகவே கவலைப்பட்டான். தேதி தெரியாமல் இல்லை, இங்கிலீஷ் தேதி இன்னும் முடிவாகவில்லை, அவ்வளவுதான் என்றேன். இப்போது 'உறுதி', 'உத்தேசம்', 'பிறை பார்த்து' என்று மூன்று நிலை வைத்திருக்கிறோம். உத்தேசத் தேதியை மங்கலான நிறத்தில் காட்டினால் போதும் என்று நினைத்தேன். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, விழா ரத்தாகிவிட்டதா என்று கேட்டார். நிறத்தை எடுத்துவிட்டு 'உத்தேசமாக' என்று எழுத்திலேயே போட்டேன்.

வகை பிரிப்பதில்தான் பெரிய சண்டை. இந்து, கிறித்துவம், இஸ்லாம் என்று மூன்று பட்டன் வைத்து, கணக்குத் தொடங்கும்போதே மதத்தைக் கேட்டுக்கொண்டால் அவரவருக்கு வேண்டியதை மட்டும் காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. வில்லியனூரையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அங்கே திருக்காமீசுவரர் கோயில் தேரும் உண்டு, லூர்து மாதா கோயில் தேர்பவனியும் உண்டு. மாதா தேருக்குப் போகிறவர்களெல்லாம் ஞானஸ்நானம் வாங்கியவர்களா? மதத்தைக் கேட்டு வாங்கி, அதை வைத்துப் பாதி ஊரை மறைக்கிற ஆப்பை நான் வடிவமைக்க மாட்டேன் என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன்.

வழி கிடைத்தது ஃப்ளெக்ஸ் கடையில். பஸ் நிலையம் பக்கத்தில் எங்கள் மாமா ஒருவர் பேனர் அச்சடிக்கிறார். அவர் கணினியில் இருக்கும் பழைய கோப்புகளை ஒரு மதியம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரின் நிகழ்ச்சித் தரவுத்தளம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அம்மன் கோயில் பேனர், மாதா கோயில் பேனர், பரங்கிப்பேட்டைப் பக்கத்து தர்கா பேனர், மூன்றும் ஒரே வார்த்தையில் தொடங்கின: கொடியேற்றம். அதற்குக் கீழே நாள்வாரியாக நிகழ்ச்சிகள், நடுவில் ஒரு பெரிய நாள், கடைசியில் கொடியிறக்கம். மூன்று மதத்துக்கும் பொதுவான படிவம் எப்போதிருந்தோ புழக்கத்தில் இருக்கிறது, நாங்கள்தான் 'தொடக்கம், முடிவு' என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பேனரையே அப்படியே திரையாக்கினேன். மேலே கொடியேற்றம், கீழே ஒவ்வொரு நாளாக இறங்கும் வரிசை, ஒவ்வொரு நாளுக்குள்ளும் 'முக்கியமான கட்டம்' என்று விருப்பப்பட்டால் நிரப்ப ஒரு பெட்டி. பாரதக் கூத்து அதற்குள் தாராளமாக உட்கார்ந்தது. பகலில் பாரதம் படிப்பது, இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசு, கடைசி நாள் படுகளம், தீமிதி. அந்தப் பெட்டியில் பெரியப்பா எழுதியது: 'துரியோதனன் வருகை, உத்தேசமாக 1 மணி.'

அதே கோப்புகளில் மஞ்சள் நீராட்டு விழாவும் காதணி விழாவும் ஏராளம். முதல் வாரமே நாலைந்து பேர் அவற்றையும் ஆப்பில் ஏற்றிவிட்டார்கள், மண்டபம் முகவரியோடு. ஊரையே அழைக்கிற வழக்கம்தான், ஆனால் முன்பின் தெரியாத ஆள் போனைப் பார்த்துவிட்டுப் பந்தியில் வந்து உட்காருவார் என்று எதிர்பார்த்து யாரும் அழைப்பதில்லை. அதை இறக்கிவிட்டு, ஏற்றியவர்களுக்குப் பக்குவமாகச் சொல்லி அனுப்பினோம்.

எழுத்துச் சிக்கலைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 'கொடியேற்றம்' நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. அது எண்ணி வெட்டினால் கொம்பும் காலும் கழன்று விழும். பெயரை வெட்டாமல் இரண்டு வரியில் விட்டோம். தேடலில் 'திருப்பாதிரிப்புலியூர்' என்று முழுதாக அடிப்பவர் யார்? திருப்பாப்புலியூர் என்றாலும் வர வேண்டும். முதுநகரை ஓ.டி. என்றாலும், புதுச்சேரியைப் பாண்டி, புதுவை என்றாலும் வர வேண்டும். ழகரம் தவறினால் மன்னித்துவிடும்.

பெண்கள் விடுதி ஒன்றில் சோதித்தபோது எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: கடைசி பஸ் எத்தனை மணிக்கு? போவதைப் பற்றி எவருக்கும் கவலை இல்லை, திரும்புவதைப் பற்றித்தான். இப்போது 'திரும்பி வர' என்ற வரி நேரத்துக்கு அடுத்தபடியாக இருக்கிறது. கழிப்பறை உண்டா என்பது அதற்குக் கீழே.

இன்னொரு நாள், ஒரு கிராமத்துக் காலனியில் சோதனை. எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, சாமி ஊர்வலம் வரும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எந்தெந்தத் தெரு வழியா வரும்னு இதுல காட்டுமாம்மா?" என்று கேட்டார். நல்ல யோசனையாகப் பட்டது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் வைத்திக்குப்பத்துக்கும் சாமிகள் வரும்போது எங்கள் தெருவிலும் அதைத்தானே கேட்போம். ஊர்க்காரர் ஒருவரை விசாரித்து, அடுத்த முறை போகும்போது வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு எடுத்துப் போனேன். கோடு கோயிலில் கிளம்பி, நாலு தெரு சுற்றி, பம்புசெட்டு முக்கு வரை வந்து திரும்பியது. அந்த அம்மாவின் வீடு முக்குக்கு அந்தப் பக்கம்.

விரலை அந்தத் திருப்பத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். "ஆமா, அங்கதான் திரும்பும்" என்றார்.

கோட்டை எடுத்துவிடலாம், வீண் வம்பு என்கிறார்கள் அலுவலகத்தில். வெள்ளிக்கிழமை மறுபடியும் பேசுகிறோம். அதுவரை கோடு இருக்கிறது.