மூன்றாவது கேள்வி

கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலையில். அடுத்த ஆண்டு ஐப்பசியில், பட்டுக்கோட்டைப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடைக் கிராமம் ஒன்றில் நடந்த உளசமூக ஆதரவுத் திட்டத்தை மதிப்பிடும் பொறுப்பு எனக்கு வந்தது. தென்னையை இழந்த குடும்பங்களின் பெண்களுக்கு வாரம் ஒரு குழுக் கூட்டம், தேவைப்படுவோருக்குத் தனி ஆலோசனை, மொத்தம் நான்கு மாதம். தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் பி.எச்.கியூ-9 என்னும் மனச்சோர்வுப் படிவத்தைப் படித்துக் காட்டிப் பதில் வாங்கினோம். மாசியில் மதிப்பெண்கள் நன்றாகக் குறைந்திருந்தன. கூட்டங்கள் பலன் தந்தன என்று அறிக்கை எழுதியவன் நான்தான். அந்த அறிக்கையை இன்று நான் நம்பவில்லை.

அந்தப் படிவத்தில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, ஆகக் கூடுதல் 27. மூன்றாவது கேள்வி தூக்கத்தைப் பற்றியது, நான்காவது அசதியைப் பற்றியது. ஐப்பசியில் சம்பா நடவு முடிந்தும் முடியாமலும் இருக்கும். முறை வைத்து விடும் தண்ணீர் கடைமடைக்கு நடுராத்திரியில் வந்து சேர்ந்தால் மடையைக் காக்க வீட்டில் ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும்; பகலெல்லாம் நாற்றுப் பறித்தவருக்கு அசதி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். போதாக்குறைக்கு, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வரும்போதெல்லாம் ஊரே வானத்தைப் பார்க்கும் பருவம் அது. முந்தைய ஆண்டு கூரை பறந்ததும் அதே பருவத்தில்தான். மாசியிலோ அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், நகைக்கடனில் கொஞ்சம் அடைபட்டிருக்கும். நாங்கள் ஒரு கூட்டமும் நடத்தாமல் இருந்திருந்தாலும் மதிப்பெண் குறைந்திருக்கும். எவ்வளவு என்பதைச் சொல்ல எங்களிடம் கூட்டம் நடக்காத ஒப்பீட்டு ஊர் எதுவும் இல்லை.

இன்னொரு பிசகு அதைவிடக் கூச்சம் தருவது. படிவத்தோடு நான் திண்ணையில் உட்கார்ந்ததும் ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, இதுல எதைச் சொன்னா நிவாரணத்துல பேரு வரும்?" புயலுக்குப் பிறகு தாளும் பேனாவுமாக அந்தத் தெருவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மரத்தை எண்ணவும் வீட்டை எண்ணவும் வந்தவர்கள். எங்கள் கேள்விகளையும் அவர்கள் சேதக் கணக்கெடுப்பாகவே கேட்டார்கள், கஷ்டத்தைக் குறைத்துச் சொல்ல அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. நெருக்கடிக் கால உளநல ஆதரவுக்கு 2007-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், உணவும் பாதுகாப்பும் அடிப்படைச் சேவைகளுமே ஆதரவுகளை அடுக்கிக் காட்டும் பிரமிடின் அடித்தளம் என்று சொல்வதை நான் பயிற்சி வகுப்புகளில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்த அம்மா அதை ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும் ஊரில் நான்கு மாதத் திட்டம் எதை மாற்றியதாகச் சொல்ல முடியும் என்பதையும் நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு திட்டமிடும்போது இரண்டு காரியங்களில் பிடிவாதமாக இருக்கிறேன். ஒன்று, ஒரே வாய்க்காலில் இரண்டு ஊர்களைத் தேர்ந்து, ஒன்றில் இப்போதும் மற்றதில் அடுத்த போகத்திலும் கூட்டங்களைத் தொடங்கி, இரண்டிலும் ஒரே வாரத்தில் அளப்பது. அப்போது பருவம் இரு பக்கமும் சமமாக விழும். காத்திருக்கும் ஊரிலும் ஒன்பதாவது கேள்விக்கு, அதாவது செத்துவிடலாம் என்ற நினைப்புக்கு, ஆம் என்று சொல்பவரைக் காத்திருக்க வைக்கக் கூடாது. அவரை அன்றைக்கே யார் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு யார் பேசித் தருவது என்று எழுதி வைக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்பதே தவறு. மற்றது, படிவத்தை எடுக்கும் முன், மனசு பாரமாக இருப்பவர் எந்த வேலையை விட்டுவிடுகிறார் என்று ஊராரிடமே கேட்பது. "கொல்லைப் பக்கம் போறதே இல்ல", "விசேஷ வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போறதில்ல" என்று வந்த பதில்களை அப்படியே அளவுகோலாக்கிக்கொண்டோம். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்ற வருகைப் பதிவேட்டைவிட, எத்தனை பேர் மறுபடி கொல்லைக்குப் போகிறார்கள் என்பது எனக்கு நம்பகமான செய்தி.

மூன்றாவது கேள்விக்குப் பக்கத்தில் இப்போது ஒரு துணைக் கேள்வியும் உண்டு: விழித்திருந்தது தண்ணீருக்காகவா, நினைப்பினாலா? போன புரட்டாசியில் அதைக் கேட்டபோது, மடை காக்கப் போகும் ஒரு பெண் சொன்னார்: "ரெண்டும்தான் தம்பி. மடை இருக்கறது விழுந்த தோப்புக்கு நேர் எதிர்லதானே." அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.