பொறுங்கோ, ஆச்சி வாறா

திருகோணமலையில் ஒருவர் ‘பொறுங்கோ’ என்றால் ‘கொஞ்சம் நில்லுங்கள்’ என்று பொருள். தாங்குவதையும் காத்திருப்பதையும் தமிழில் ‘பொறு’ என்ற ஒரே வினையால் சொல்லலாம். திருத்தூதர் பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரத்தில், அன்பின் குணங்களைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் வருவது இந்தப் பொறுமை. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் ‘அன்பு பொறுமையுள்ளது’ என்றிருக்கும். மெதடிஸ்த ஆலயங்களில் பழகிய பழைய மொழிபெயர்ப்பில் ‘நீடிய சாந்தம்’. கிரேக்க மூலச்சொல் கோபம் மூள நெடுநேரம் பிடிக்கும் மனத்தைக் குறிப்பதால், ‘நீடிய’ என்பது மூலத்துக்குக் கிட்ட நிற்கிறது.

அதே மடலின் 11ஆம் அதிகாரத்தைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கொரிந்தில் ஆண்டவருடைய விருந்துக்குக் கூடியவர்களில் சிலர் மற்றவர்களைப் பாராமல் தங்கள் உணவை உண்டு முடித்தார்கள். ஒருவர் பசியோடிருக்க இன்னொருவர் குடிவெறியில் இருந்தார். 33ஆம் வசனத்தில் பவுல் கொடுத்த மருந்து சின்னது: உண்ணக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். அன்பைப் பற்றிய அந்த அழகான அதிகாரம், பந்தியில் பொறுக்கத் தெரியாத இந்தச் சபைக்குத்தான் எழுதப்பட்டது. திருமணப் பூசைகளில் அதை வாசிக்கக் கேட்கும்போது இது நினைவுக்கு வருவதில்லை.

இந்த இரண்டு அதிகாரங்களையும் முதல் நாள் இரவு வாசித்துவிட்டு, திருகோணமலையின் பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்துக்கு நடைத் திருயாத்திரையாகப் புறப்படுவது நல்லது. நகரில் 1852ஆம் ஆண்டைச் சேர்ந்த மரியன்னை பேராலயத்தின் நீல முகப்பின் முன் கூடிச் செபித்துவிட்டு, கண்டி வீதி வழியே நடக்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அனலாக வீசும். காலை 6 மணிக்கு முன்னரே நடக்கத் தொடங்கிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீராவது வேண்டும்.

நடையில் எல்லாக் குழுவும் விடும் பிழை ஒன்றுண்டு. இளையவர்கள் முன்னால் போய் ஒரு மர நிழலில் நிற்பார்கள். பின்னால் வரும் ஆச்சி அங்கே வந்து சேர்ந்ததும், ‘சரி, எல்லாரும் வந்தாச்சு’ என்று எழும்பி நடப்பார்கள். ஓய்வு தேவையில்லாதவர்களுக்கு ஓய்வு, தேவையானவருக்கு ஒரு நிமிடமும் இல்லை. ஆகவே மெதுவாக நடப்பவரை முன்னால் விட வேண்டும். அவருடைய கால் எடுக்கும் வேகமே குழுவின் வேகம். நிற்க நேர்ந்தால், அவர் இருந்து தண்ணீர் குடித்து, அவராகவே எழும்பும்வரை மற்றவர்கள் அசையக்கூடாது.

செபமாலையிலும் இதே சிக்கல்தான். ஒருவர் முதற்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்வது வழக்கம். மக்கள் ‘ஆமென்’ சொல்லி முடிக்குமுன் அடுத்த ‘அருள் நிறைந்த மரியே’ தொடங்கிவிட்டால் இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். மாலையின் மூன்றாவது பத்து மணிகளுக்கு வருவதற்குள் அது ஓட்டப்போட்டியாகிவிடும். முதியவர்கள் வாய் அசைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். முன்சொல்பவர் செய்ய வேண்டியது, கடைசிக் குரலின் ‘ஆமென்’ காதில் விழுந்தபின் ஒரு மூச்சு விட்டுத் தொடங்குவது. ஐந்து தேவஇரகசியங்களுக்கும், அதாவது ஐந்து பத்துகளுக்கும், இருபது நிமிடமளவு பிடிக்கும். பிடிக்கட்டுமே.

பாலையூற்று, பெயரிலேயே ஊற்றை வைத்திருக்கும் இடம். பிரான்சில் மரியன்னை தோன்றிய லூர்து நகரின் ஊற்றும் அவசரமாகக் கிடைத்ததல்ல. 1858 பெப்ரவரி 18 அன்று, பதினைந்து நாள் இங்கே வர முடியுமா என்று அன்னை அந்த ஊர்ச் சிறுமி பெர்னதெத்திடம் கேட்டார். பதினான்கு வயதுச் சிறுமி ஒப்புக்கொண்டு தினமும் போனாள். ஆனால் 22ஆம் திகதியும் 26ஆம் திகதியும் அன்னை தோன்றவில்லை. கூடியிருந்த சனத்தின் முன் அவள் வெறுமனே திரும்ப வேண்டியிருந்தது. 25ஆம் திகதி கையால் தோண்டியபோது வந்தது சேற்றுத் தண்ணீர். மூன்று தரம் எறிந்துவிட்டு நான்காம் தரம்தான் குடித்தாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். அன்னையின் பெயரைக் கேட்டதற்கும் மார்ச் 25 அன்றுதான் பதில் வந்தது. பாலையூற்றில் அன்னையின் குகை வடிவக் கெபியின் முன் நிற்கும்போது நினைக்க, தோன்றிய நாட்களைவிட அந்த வெறும் இரண்டு நாட்கள் பொருத்தமானவை.

மெழுகுதிரி ஏற்றுவதிலும் கவனம் வேண்டும். நெருக்கி நட்டால் பக்கத்துச் சுவாலையின் வெக்கையில் மெழுகு இளகி, திரி சாய்ந்து, இரண்டும் சேர்ந்து ஒழுகிவிடும். நாலு விரல் இடைவெளி இல்லையென்றால், முன்னையது எரிந்து தணியும்வரை கையில் வைத்துக்கொண்டு நிற்பதே சரி.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் ‘எனக்குப் பொறுமை இல்லை’ என்பது போதாது. யாரிடம், எந்த நேரத்தில், என்ன சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு போக வேண்டும். இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் அடி வாங்குகிறவர் அதைச் சொல்லாமல் சகிப்பதைப் பவுல் இங்கே கேட்கவில்லை. அன்பு அநீதியில் மகிழாது என்று அன்பைப் பற்றிய அதே 13ஆம் அதிகாரத்தின் 6ஆம் வசனம் சொல்கிறது. பொறுமை என்று சொல்லி அவரை வாய் மூட வைப்பது வசனத்தைப் பாதியில் வெட்டுவது.

மதியச் சோற்றுப் பார்சலை எல்லாரும் வந்து இருந்தபின் பிரிக்க வேண்டும். தலை எண்ணும்போது, திரும்பிப் போகப் பிடித்த வான் வண்டியின் சாரதியையும் சேர்த்து எண்ணுங்கள். பெரும்பாலும் மறந்துபோவது அவரைத்தான். அவர் கைகழுவப் போயிருந்தால், பொறுங்கோ.