பதினாறு

ஜூலை 15, 2024, திங்கள்

இன்று டயாலிசிஸ். ஏறின எடை 2.9 கிலோ, உடம்பில் தேங்கின தண்ணீர். நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினாள். சனிக்கிழமை ராத்திரி இரண்டு டம்ளர் ரசம். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பக்கத்து நாற்காலிப் பெரியவர் ஊசி ஏறியதும் கணக்கை ஆரம்பித்துவிட்டார். சிகாகோ பேஸ்பால் அணி வைட் சாக்ஸ் இந்த சீசனில் இதுவரை 27 வெற்றி, 71 தோல்வி. மீதி 64 ஆட்டம். 1962இல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றார்கள், இந்தக் காலத்துப் பேஸ்பாலில் அதற்குக் கீழே யாரும் போனதில்லை. அந்தக் குழியில் விழாமல் தப்பிக்க 64இல் 16 ஜெயித்தால் போதும். நாலில் ஒன்று.

பதினாறு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று எங்கள் ஊர்க் கல்யாணத்தில் வாழ்த்துவார்கள் என்றேன். "பதினாறு பிள்ளையா?" என்று கேட்டார். இல்லை, பதினாறு பேறு: கல்வி, செல்வம், நோயில்லாமை, அப்படி ஒரு பட்டியல். "நோயில்லாமையும் அதில் உண்டா?" உண்டு. "அப்போ உனக்குப் பதினைந்துதான், கிட்."

எனக்கு 52 வயது. அவருக்கு நான் கிட்.

2 டாலர் பந்தயம். நான் 16 என்றேன். அவர் 9.

ஜூலை 17

நேற்று ஆல்-ஸ்டார் ஆட்டம், சீசன் இடைவேளையில் எல்லா அணிகளின் சிறந்தவர்களும் ஆடுவது. சாக்ஸில் ஒரே ஒருவர்தான் போனார், பிட்சர் காரெட் குரோஷே. பெரியவர் வீட்டில் எல்லோரையும் சத்தம் போடாமல் உட்கார வைத்தாராம், பேரன் பள்ளி நாடகத்தில் மேடையேறுவது போல.

ஜூலை 21, ஞாயிறு

கான்சாஸ் சிட்டியில் மூன்றும் போச்சு.

ஜூலை 24

இன்று கால் பிடித்துக்கொண்டது. மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. எழுந்து நிற்க முடியாது, இடது கையில் இரண்டு ஊசி. டெக்னீஷியன் ஓடி வந்து பாதத்தை அழுத்திப் பிடித்தான். அந்த இரண்டு நிமிஷமும் பெரியவர் பேஸ்பால் பேசிக்கொண்டே இருந்தார், நிறுத்தவே இல்லை. 2005 உலகத் தொடர், கோப்பைக்கான கடைசித் தொடர், சாக்ஸ் ஜெயித்தது. நாலுக்கு நாலு. அதற்கு முந்தைய கோப்பை 1917இல். இடையில் 88 வருஷம். "எங்களுக்குக் காத்திருக்கத் தெரியும்" என்றார். வலியில் பாதிதான் காதில் விழுந்தது. அவர் பேசியதே அதற்காகத்தான் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

ஜூலை 31

ஆட்டக்காரர்களை விற்றாகிவிட்டது. எரிக் ஃபெட்டி, டாமி ஃபாம் இருவரும் செயின்ட் லூயிஸுக்கு, மைக்கேல் கோபெக் டாட்ஜர்ஸுக்கு, எலோய் ஹிமெனெஸ் பால்டிமோருக்கு, பால் டியாங் கான்சாஸ் சிட்டிக்கு. ஃபாம் போன கையோடு முதல் பந்தாட்டத்திலேயே நாலு ரன் ஹோம் ரன் அடித்திருக்கிறார். இங்கே இருந்தவரை அந்த மட்டை எங்கே இருந்ததாம்?

சரி, தோற்றால் அடுத்த வருஷம் புது ஆட்களை எடுக்கிற டிராஃப்டில் நல்ல இளைஞனை முதலில் எடுக்கலாமே என்று கேட்டேன். அதுவும் கிடையாதாம். இந்த வருஷம் ஐந்தாவதாக எடுத்துவிட்டார்கள், பெரிய ஊர் அணி வேறு, அதனால் விதிப்படி 2025இல் பத்தாவது இடத்துக்கு மேலே போகவே முடியாது. எவ்வளவு தோற்றாலும் பத்துதான். சும்மா தோற்கிறார்கள். இது தெரிந்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை 3.40க்குப் போன்.

இதை எழுதவே கை வரவில்லை. சிறுநீரகம் ஒன்று இருக்கிறது, நீங்கள் இரண்டாவது ஆள், வந்து தயாராக இருங்கள் என்றார்கள். பை எடுத்து வைத்திருந்தோம், மார்ச்சிலிருந்து கதவோரம்தான் இருக்கிறது. போனோம். ரத்தம் எடுத்தார்கள். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், கந்த சஷ்டி கவசமாக இருக்கும். 11 மணிக்கு வந்து முதல் ஆளுக்கே பொருந்திவிட்டது என்று சொன்னார்கள். யாரோ ஒருவருக்கு நல்லது நடந்திருக்கிறது. அதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று வண்டியில் இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம்.

மினசோட்டாவில் தோல்வி. தொடர்ந்து 20.

ஆகஸ்ட் 5

பெரியவரிடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாய்" என்றார். அவ்வளவுதான். சரியாகவும் இருந்தது.

ராத்திரி ஓக்லாந்தில் 5-1 தோல்வி. 21. அமெரிக்கன் லீகில் இதுவரை பால்டிமோர் மட்டும்தான் 1988இல் இத்தனை வரிசையாகத் தோற்றிருக்கிறது. இன்னும் இரண்டு தோற்றால் 1961 ஃபிலடெல்ஃபியாவின் 23. தூக்கம் வரவில்லை. டெஸ்ட் மேட்ச் என்றால் மழை வரும், டிரா என்று ஒன்று உண்டு, கடைசி நாள் ஒருத்தன் கட்டை போட்டே காப்பாற்றிவிடுவான். இங்கே டிரா கிடையாது. மழை பெய்தாலும் நின்ற பிறகு ஆடுவார்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் ஆடியே தீர வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு தீர்ப்பு. தோற்றவன் அடுத்த நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வர வேண்டும், எனக்குத் திங்கள், புதன், வெள்ளி மாதிரி.

ஆகஸ்ட் 6, ராத்திரி 11.45

5-1!! ஜெயித்துவிட்டார்கள்!! அதே ஓக்லாந்து, அதே 5-1, இந்தப் பக்கம் திருப்பி. இவள் எழுந்து வந்து விளக்கைப் போட்டு என்ன ஆச்சு என்று கேட்டாள். 1 என்றேன்.

இன்னும் 15.

ஆகஸ்ட் 9

நேற்று மேனேஜர் பெத்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 28-89. இனி கிரேடி சைஸ்மோர், தற்காலிகம். பெரியவர்: "மூழ்குகிற படகில் துடுப்பை மாற்றுகிறார்கள்." படகின் சொந்தக்காரர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் 1981இலிருந்து அப்படியே இருக்கிறார். அவர் பேச்சு வந்தால் பெரியவரின் பிரஷர் மிஷினிலேயே தெரிகிறது. நர்ஸ் பேச்சை மாற்றச் சொன்னாள்.

ஆகஸ்ட் 12

யாங்கீஸை 12-2. யாங்கீஸை!

ஆகஸ்ட் 15

நேற்று முன்தினம் ஹுவான் சோட்டோ நமக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன். நேற்று ஆரன் ஜட்ஜ் தன் 300ஆவதை இங்கே வந்து அடித்துவிட்டுப் போனார். எல்லோரும் மைல்கல் நடுவதற்கு நம் மைதானத்துக்குத்தான் வருகிறார்கள்.

பாஸ்பரஸ் 6.8. பருப்பைக் குறைக்க வேண்டுமாம். இன்னும் எதைத்தான் குறைப்பது? இளநீர் இல்லை, வாழைப்பழம் இல்லை, தக்காளி ஒரு துண்டு, தண்ணீர் ஒரு லிட்டர். மைதானத்தில் இந்த வருஷம் கேம்ப்ஃபயர் மில்க்‌ஷேக் என்று ஒன்று விற்கிறார்கள். சாக்லேட், மேலே தீயில் வாட்டிய மார்ஷ்மெல்லோ, நொறுக்கிய பிஸ்கட். இந்த அணியில் ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான் என்று ஊரே பேசிக்கொள்கிறது. டயட்டீஷியனிடம் கேட்டேன். சிரித்தாள். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19

அக்கா போன். "நான் வந்து ஒண்ணு குடுத்துட்டுப் போறேன்டா, எனக்கு எதுக்கு ரெண்டு?" என்றாள். அவளுக்கு 63 வயது, சர்க்கரை வேறு. ஆகாது அக்கா என்றேன். ஏன் ஆகாது, டாக்டரா நீ என்று சண்டைக்கு வந்தாள். பத்து நிமிஷம் திட்டிவிட்டு வைத்தாள். அப்புறம்தான் அழுதேன், போனை வைத்த பிறகு.

ஆகஸ்ட் 26

பக்கத்து நாற்காலி காலி.

ஆகஸ்ட் 28

இன்றும் காலி. கேட்டேன். "அடுத்தவர் விஷயம் சொல்லக் கூடாது, உங்களுக்கே தெரியும்" என்றாள் நர்ஸ். தெரியும். இங்கே காலி நாற்காலிக்கு நாலைந்து அர்த்தம்தான் இருக்க முடியும். ஆஸ்பத்திரி, ஷிஃப்ட் மாற்றம், ஊர் மாற்றம், போன் வந்து அதிர்ஷ்டம் அடித்தது. இன்னொன்று. என் கண்ணெதிரே இந்த மூன்று வருஷத்தில் ஆறு பேர் காலி ஆகியிருக்கிறார்கள், எவர் எந்தக் கணக்கில் என்று ஒருவரைப் பற்றியும் எனக்குத் தெரியாது. ஒருவருக்கொருவர் போன் நம்பர் வாங்கி வைப்பதில்லை, ஏனோ. வாராவாரம் பன்னிரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்காருகிறோம், அவருக்கு எந்தப் பல் இல்லை என்றுகூடத் தெரியும், வீடு எங்கே என்று தெரியாது. பிரிட்ஜ்போர்ட் என்று ஒருமுறை சொன்னார். பிரிட்ஜ்போர்ட்டில் எந்தத் தெரு?

ஆகஸ்ட் 30

அந்த நாற்காலியில் ஒரு சின்னப் பையன். காதில் ஹெட்ஃபோன். அவன் டிவியில் சமையல் ஓடுகிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

107ஆவது தோல்வி. இந்த அணியின் 124 வருஷத்தில் இதுவரை இல்லாதது, 1970இன் 106ஐத் தாண்டியாயிற்று. 31-107. இடைவேளைக்குப் பிறகு மொத்தம் 4 வெற்றி. மீதி 24இல் 12 வேண்டும். பாதிக்குப் பாதி.

சொல்ல ஆள் இல்லை.

செப்டம்பர் 9

வந்துவிட்டார்!! ஃபிஸ்டுலா, ஊசி குத்துவதற்காகக் கையில் இணைத்த ரத்தக்குழாய், அடைத்துக்கொண்டு, அப்புறம் காய்ச்சல், அப்புறம் இன்னும் என்னவோ. கழுத்தில் இப்போது கதீட்டர் குழாய். ஆள் பாதியாகிவிட்டார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே, "எத்தனை?" என்றார். சொன்னேன். "9தான். பார்த்துக்கொள்."

நம்பர் வாங்கிக்கொண்டேன். அவருக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, கையை நீட்டி என் போனிலேயே அழுத்தினார், தப்பாக, இரண்டு தடவை.

செப்டம்பர் 16

ஒரு விஷயத்தில் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. அவர் 121 தோல்வி வரட்டும் என்கிறார். வரலாற்றில் பேர் பதியட்டும், அப்போதாவது முதலாளிக்கு உறைக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆடுகிற பையன்கள் என்ன பண்ணுவார்கள்? பாதிப் பேர் போன வருஷம் சின்ன லீகில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்கள். "நீ புதுசு" என்றார். பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன். அவருக்கு அது புதுசுதான்.

செப்டம்பர் 23

நேற்று சான் டியேகோவில் 120. மெட்ஸைத் தொட்டாயிற்று. என் 16 செத்தது. வெற்றி சரியாக 9.

பெரியவர் கொண்டாடவில்லை. தேதியைப் பார் என்றார். 1959, இதே செப்டம்பர் 22, சாக்ஸ் கிளீவ்லாந்தில் ஜெயித்து லீக் பட்டத்தைப் பிடித்த ராத்திரி. அவருக்கு 9 வயது. தூங்கிக்கொண்டிருந்தபோது சைரன் அலறியதாம், ஊர் முழுக்க, விமானத் தாக்குதலுக்கு என்று வைத்திருந்த சைரன். தீயணைப்புக் கமிஷனர் ராபர்ட் க்வின் சந்தோஷத்தில் ஊதச் சொல்லிவிட்டார். ஜனங்களுக்கு அது தெரியுமா? அவர் அம்மா ரஷ்யா குண்டு போட வந்துவிட்டது என்று நினைத்து, மூன்று பிள்ளைகளையும் நிலவறைக்கு இழுத்துப்போய், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்து ஜெபம் பண்ணினாளாம். அப்பா மேலேயிருந்து, நாம ஜெயிச்சுட்டோம், நாம ஜெயிச்சுட்டோம் என்று கத்துகிறார். அம்மா நம்பவில்லை. "ரஷ்யர்கள் அவனைப் பிடித்து அப்படிச் சொல்ல வைக்கிறார்கள் என்றாள்."

சிரித்துச் சிரித்து என் மிஷின் அலாரம் அடித்துவிட்டது.

செப்டம்பர் 24, செவ்வாய்

கேரண்டீட் ரேட் ஃபீல்டு, சாக்ஸின் சொந்த மைதானம். பெரியவரின் மகள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். மைதானத்துக்குப் பேர் கொடுத்த கம்பெனியின் முத்திரை கீழ் நோக்கிய சிவப்பு அம்பு, மைதானத்தின் நெற்றியிலேயே இருக்கிறது. இனி யார் சாபம் வைக்க வேண்டும்?

121ஐப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்திருந்தது. ஏஞ்சல்ஸ் 2-0. "டீமை வித்துடு" கோஷம் வலது பக்கத்தில் கிளம்பி அலை மாதிரி எங்களைக் கடந்து போயிற்று. பெரியவரும் சேர்ந்து கத்தினார், கதீட்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. எட்டாவது இன்னிங்ஸில் என்ன ஆயிற்றோ, மூன்று ரன். பெனின்டெண்டி அடித்த பந்தில் 3-2. எங்களுக்குப் பின்னாலிருந்த ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான், ஜெயித்ததற்காக. வாணவேடிக்கை விட்டார்கள். வழக்கம் அது, வீட்டில் ஜெயித்தால் விடுவார்கள்.

"10" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இத்தனை நாள் எங்கே போயிருந்தான்கள்?"

மில்க்‌ஷேக் வாங்கினோம். ஒன்று, மூன்று ஸ்ட்ரா. நான் நாலு மடக்கு. ஐந்து. மார்ஷ்மெல்லோவின் கருகின ஓரம் எனக்கு. நாளைக்கு எடை.

செப்டம்பர் 25

2.6 கிலோ. பரவாயில்லை.

10 இன்னிங்ஸ் ஆடி 4-3. 11.

செப்டம்பர் 26

7-0. 12. மூன்றும் நமக்கு.

செப்டம்பர் 27, வெள்ளி

டெட்ராய்ட்டில் 4-1. 121. எதிர் அணி பிளே-ஆஃப் போகிற சந்தோஷத்தில் மைதானத்தில் குதித்துக்கொண்டிருந்தது, நம் பையன்கள் மட்டையை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிவியை அணைத்தேன். மறுபடி போட்டேன். போன் சார்ஜில் இருக்கிறதா என்று பார்த்தேன்.

செப்டம்பர் 28

4-0. 13. இனி எதற்கு?

செப்டம்பர் 29, ஞாயிறு

9-5. சீசன் முடிந்தது. 41-121. இடைவேளைக்குப் பிறகு 14.

நான் சொன்னது 16, அவர் சொன்னது 9. பக்கத்தில் இருப்பது நான்தான். ஆனால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், பந்தயம் 16 வருமா வராதா என்பதுதான் என்பார். ஜூலையில் எப்படிப் பேசினோம் என்று மேலே போய்ப் பார்த்தேன், தெளிவாக எழுதி வைக்கவில்லை. 2 டாலர் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கேட்டால்தான் கொடுப்பேன்.