போடிமெட்டு ஏற்றத்துக்கு 11-34 கேசட்: கம்பம் பள்ளத்தாக்கில் ஓட்டிப் பார்த்தவை

தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் 40 கி.மீ. போல வரும். முல்லைப் பெரியாற்றை ஒட்டி வயல், தென்னை, வாழை, திராட்சைப் பந்தல் என்று போகிற அந்தச் சாலையில் ஏற்றம் இருப்பதே காலுக்குத் தெரியாது. அதை நம்பி சைக்கிளோடு வந்த கியரிலேயே மலைக்குத் திரும்பினால் தமிழக-கேரள எல்லையில் உள்ள போடிமெட்டு ஏற்றம் நிறுத்திவிடும். தொடை வலுப் போதவில்லை என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஓட்டிப் பார்த்ததில், குறை பெரும்பாலும் கேசட்டின், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கின், பல் எண்ணிக்கையில்தான். 11-34 என்றால் அதில் சின்னதுக்கு 11 பல், பெரியதுக்கு 34.

மலையடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடியிலிருந்து போடிமெட்டு வரை ஏறக்குறைய 20 கி.மீ. ஏற்றம் 900 மீட்டருக்கு மேல். 17 கொண்டை ஊசி வளைவுகள். சராசரி 5 சதவீதத்துக்குள் அடங்கினாலும் வளைவுகளுக்கு இடையில் 7, 8 சதவீதம் சாதாரணமாக வரும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 7 சதவீதத்தில் மணிக்கு 8 கி.மீ. போகவே 135 வாட் வேண்டும். இதை ஒரு மணி நேரம் தள்ளப் பலராலும் முடியும். ஆனால் முன்னால் 34, பின்னால் 28 பல் வைத்து அதே 8 கி.மீ.யில் போனால் பெடல் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை அழுத்தும். பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்துக்கு 63 சுற்று. வாட் மாறவில்லை, அழுத்தம் குறைந்துவிட்டது. 28 பல்லில் 12-வது வளைவுக்கு மேல் நின்று மிதிக்க வேண்டியிருந்த இடங்களை 34-இல் உட்கார்ந்தே கடக்க முடிந்தது. மொத்த நேரத்தில் மிச்சமானது 15 நிமிடம்தான். மேலே போய்ச் சேரும்போது கால் மீதம் இருப்பதுதான் பெரிய ஆதாயம்.

கேசட்டை மட்டும் வாங்கி மாட்டினால் போதாது. மூன்று இடத்தில் தவறு நடக்கும்.

முதலாவது ஸ்பேசர், அதாவது இடைவெளியை நிரப்பும் வளையம். 11 ஸ்பீட் 11-34 கேசட்டுகளில் சில, 10 ஸ்பீட் ஹப்பின் (கேசட் உட்காரும் சக்கர நடுப்பகுதி) அகலத்துக்குச் செய்யப்பட்டவை. அவற்றை 11 ஸ்பீட் ரோடு ஹப்பில் மாட்டும்போது உள்ளே முதலில் 1.85 மி.மீ. ஸ்பேசர் போட வேண்டும். பெட்டிக்குள்ளேயே இருக்கும், மெல்லிய வளையம் என்பதால் அட்டையோடு குப்பைக்குப் போய்விடும். அது இல்லாமல் கேசட்டைப் பூட்டும் லாக்ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும். கியர் தானாக மாறுவதைப் பார்த்துக் கேபிளைத் திருகிக்கொண்டே இருப்போம், சரியாகாது. இறுக்கிய பிறகு பெரிய பல்லை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் போதும், உடனே தெரிந்துவிடும். லாக்ரிங் இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர்.

இரண்டாவது டீரெய்லர், செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாகம். புல்லிகளைத் தாங்கும் கூண்டு குட்டையாக உள்ள டீரெய்லர்களில் பல 28 அல்லது 30 பல்லோடு நின்றுவிடும். புல்லியைப் பல்லிலிருந்து தள்ளிவைக்கும் பி-ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகினாலும் மேல் புல்லி 34 பல்லில் உரசி, ‘கடகட’வென்று சத்தம் வரும். நீளக் கூண்டுதான் தீர்வு. அதிலும், செயின் 34 பல்லில் இருக்கும்போது புல்லிக்கும் பல்லுக்கும் நடுவே 6 மி.மீ. போல இடைவெளி வரும்படி பி-ஸ்க்ரூவை வைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது, செயின் நீளம். 28 பல்லுக்கு வெட்டிய செயினை அப்படியே விட்டு, முன்னால் பெரிய பல், பின்னால் 34 என்று தெரியாமல் போட்டுவிட்டால் டீரெய்லர் முன்பக்கம் இழுபட்டு அதைத் தாங்கும் ஹேங்கரோடு வளையும். அது மலைச் சாலையில் நடந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. புதுச் செயினை டீரெய்லருக்குள் விடாமல் முன் பெரிய பல், பின் பெரிய பல் இரண்டையும் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூட்டி வெட்டுவது நம்பகமான அளவு.

ஏறும் நேரத்துக்கு வருவோம். போடியிலிருந்து கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் காலையில் வரிசையாக மேலே போகும், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். விடியும்போதே முந்தலைத் தாண்டிவிடுவது அல்லது 8 மணிக்கு மேல் ஏறுவது நல்லது. இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் நமக்குக் கிடைப்பது உள்விளிம்பு, அங்கேதான் செங்குத்து அதிகம். வளைவுக்குள் நுழைந்த பிறகு பாரத்தோடு கியர் மாற்றினால் செயின் மாட்டிக்கொள்ளும். பத்து மீட்டர் முன்பே ஒரு பல் இறக்கிவிடுங்கள். பஸ் வந்தால் வளைவின் வாயிலிலேயே ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான், அதற்கு முழு அகலமும் வேண்டும்.

தண்ணீர் முந்தலிலேயே இரண்டு பாட்டிலும் நிரம்ப வேண்டும், மணிக்கு 750 மி.லி. கணக்கு. லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் போல மாவுச்சத்து உண்டு. அரை மணிக்கு ஒன்று சாப்பிட்டால் போதும்.

இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வருவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. 5 சதவீத இறக்கத்தில் 25 கி.மீ. வேகத்தைப் பிடித்துவைக்க, 80 கிலோவுக்குப் பிரேக் 170 வாட் வெப்பத்தைத் தொடர்ந்து வாங்க வேண்டும். நேர்ப்பகுதியில் 40 வரை விட்டால் காற்றே பெரும்பங்கைத் தடுத்து, பிரேக்குக்கு 110 வாட்தான் மிஞ்சும். ஆகவே நேரில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். ஈரத்திலும் மூடுபனியிலும் 25-ஐத் தாண்டவே கூடாது.

கேபிள் டிஸ்க் பிரேக்கில் இன்னொன்று கவனிக்கணும். ஒருபக்கக் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) வெளி பேட் மட்டும்தான் நகரும், உள் பேட் அசையாது. நாலைந்து இறக்கத்துக்குப் பிறகு லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடும். அப்போது கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால் காலிப்பரில் கேபிள் இழுக்கும் கையின் ஓட்டம் குறைந்து, டிஸ்க் உள் பேடை நோக்கி வளைகிறது, பிடியும் போய்விடும். முதலில் உள் பேடின் திருகைச் சக்கரம் சுற்றும்போது மெல்ல உரசும் வரை உள்ளே கொண்டுவந்து, கால் சுற்று பின்வாங்க வேண்டும். மிச்சம் இருந்தால்தான் கேபிள். பேடில் உராயும் பகுதி 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிடணும்.

பள்ளத்தாக்கில் மலையைவிடப் படுத்துவது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கணவாய் வழியாக நுழைந்து தேனிப் பக்கம் வீசும். 130 வாட்டில் சமவெளியில் 28 கி.மீ. போகிற ஆள், மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்றில் 17, 18-க்கு இறங்கிவிடுவார். ஆகவே காலையில் காற்று எழும் முன் கம்பத்துக்குத் தெற்கே உள்ள கூடலூர்ப் பக்கம் போய்விட்டு, வெயில் ஏறியதும் காற்றை முதுகில் வாங்கித் திரும்புவதே சரியான திசை.

மற்ற ஏற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். லோயர்கேம்பிலிருந்து குமுளி 7 கி.மீ.க்குள், மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைக் கடந்து ஏறும். தூரம் குறைவு, சராசரி போடிமெட்டைவிடக் கடுமை. சபரிமலை சீசனில் பெரும்பாலும் போகிற வண்டிகளைக் கம்பமெட்டு வழியாகவும் வருகிறவற்றைக் குமுளி வழியாகவும் விடுவார்கள். அந்த இரண்டு மாதமும் இரண்டு பாதையும் சைக்கிளுக்கு ஆகாது. மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது, யானை நடமாட்டம் உண்டு. சோதனைச் சாவடியில் கேட்காமல் ஏறக் கூடாது.

டயரில் 25-லிருந்து 28 மி.மீ.க்கு மாறி, முன்னால் 70, பின்னால் 75 பி.எஸ்.ஐ. வைத்ததில் ஒட்டுப்போட்ட தாரில் குலுக்கல் நன்றாகக் குறைந்தது. பஞ்சர் குறையவில்லை. சாலையோரச் சீமைக் கருவேல முள் எந்த டயரையும் துளைக்கும். டியூப் மாற்றிய அரை மணியில் மறுபடி காற்று இறங்கினால், முறிந்த நுனி டயருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்கும் விரலுக்கும் அது அகப்படாது. ஒரு துண்டுப் பஞ்சை டயரின் உட்புறம் முழுச் சுற்றும் இழுத்துப் பாருங்கள். நூலிழை எங்கே சிக்குகிறதோ, அங்கே டயரை வெளிப்பக்கமிருந்து மடித்தால் கறுத்த நுனி அரை மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும். அதை உள்ளிருந்து வெளியே தள்ள முடியாது. முள்வாங்கி போன்ற சின்னக் குறடால் உள்பக்கமே இழுத்தெடுக்க வேண்டும். சீட்டுப் பைக்குள் பஞ்சும் குறடும் சேர்த்து 20 கிராம்கூட வராது.